நகைப் பெட்டியைத் திறக்குமுன்…

பல் கோணலாக இருந்தால் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. ஆனால் பல் உட்கார்ந்திருக்கும் தாடையே முன்னால் துருத்தியோ, பின்னால் ஒடுங்கியோ, ஒரு பக்கமாகச் சாய்ந்தோ இருந்தால்? அப்போது கிளிப் மட்டும் போதாது. தாடை எலும்பை அறுத்து, சரியான இடத்துக்கு நகர்த்தி, சின்னத் தகடும் திருகும் வைத்துப் பொருத்த வேண்டியிருக்கும்.

"ஐயோ, எலும்பையே அறுக்கிறதா!" என்பது தாயாருக்கு வரும் முதல் பயம். "இவ்வளவு பணத்துக்கு எங்கே போறது?" என்பது இரண்டாவது பயம். முதல் பயத்தை டாக்டர் போக்கிவிடுவார். இரண்டாவது பயத்தைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேசப் போகிறேன். ஏனென்றால் பணம் என்றதும் நாம் நேரே போய் நிற்பது பீரோவுக்கு முன்னால். நகைப் பெட்டியைத் திறக்குமுன் திறக்க வேண்டிய கதவுகள் நாலைந்து இருக்கின்றன, சகோதரிகளே!

அழகுக்கா, அவசியத்துக்கா?

இந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் எழுதப்படுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் உங்களுக்குப் பணம் கிடைப்பதும் கிடைக்காததும். அரசாங்கத் திட்டமானாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனியானாலும், அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்குப் பணம் தரமாட்டார்கள். மெல்ல முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது அழகுச் சமாசாரமே அல்ல, உடம்புக் கோளாறு.

இது நம் ஊர்ச் சட்டம் மட்டுமல்ல. அமெரிக்காவில் தாடை அறுவை நிபுணர்களின் சங்கம் மில்லிமீட்டரில் கணக்கு வைத்திருக்கிறது. மேல் முன்பல் கீழ் முன்பல்லைவிட 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ முன்னால் நின்றால், அல்லது கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி வெளியே வந்துவிட்டால், ஆபரேஷன் தேவைக்கு அது ஓர் ஆதாரம். இங்கிலாந்தில் அரசாங்க மருத்துவத்தில் இதற்கென்றே தரவரிசை வைத்து, கோளாறு அதிகம் உள்ளவர்களுக்கே செலவு செய்கிறார்கள். ஜப்பானில் சாதாரணக் கிளிப்புக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. தாடை ஆபரேஷனோடு சேர்ந்த கிளிப் என்றால், அதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில் கிடைக்கும். எந்த நாடானாலும் கேட்பது ஒன்றே: இந்தத் தாடையால் எந்த வேலை நடக்கவில்லை?

நம் பெண்கள் டாக்டரிடம் என்ன சொல்கிறோம்? "கல்யாணத்துக்குப் பார்த்துக்கிட்டிருக்கோம் டாக்டர், மூஞ்சி கொஞ்சம் எடுப்பா இருந்தா நல்லது" என்கிறோம். அவரும் அதையே எழுதிவிடுகிறார்!

எங்கள் தெருவில் ஒரு பெண்

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். அவர் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. அந்த அம்மாள் வீட்டு வேலை போக, சத்திரப்பட்டி பக்கத்திலிருந்து வரும் பாண்டேஜ் துணியை மடித்துக் கொடுத்து நாலு காசு பார்க்கிறவள். மகளுக்கு 19 வயது, காலேஜில் படிக்கிறாள். கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருக்கும். பேசும்போது துப்பட்டாவை வாயருகே பிடித்துக்கொண்டே பேசுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மாள் வந்தாள். "அக்கா, அஞ்சு பவுன் சங்கிலிய வச்சா எவ்வளவு தருவாங்க?" என்றாள். விசாரித்தேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாடை ஆபரேஷனுக்குச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே "முக அழகு சீரமைப்பு" என்று இருந்தது.

"ஏம்மா, பிள்ளை சாப்பிடறதுக்கு எப்படி?" என்று கேட்டேன்.

"அதை ஏன்க்கா கேக்குறீங்க! முன்பல்லு ரெண்டும் சேராது. சப்பாத்திய விரலால பிய்ச்சு கடவாய்ப் பல்லுக்குத் தள்ளித்தான் மெல்லுவா. முறுக்கு, சீடை எல்லாம் சின்னதுலேருந்தே தொடமாட்டா. ராத்திரி குறட்டை வேற. நடுவுல மூச்சு நின்ன மாதிரி ஆகி, தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பா."

"இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவரு கேக்கல, நாங்களும் சொல்லல."

பார்த்தீர்களா? பணம் கிடைப்பதற்கு எதெல்லாம் ஆதாரமோ, அதெல்லாம் வீட்டுச் சமையலறையிலேயே இருந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் காகிதத்துக்குப் போகவே இல்லை. மில்லில் அவருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதே என்பதும் யாருக்கும் நினைவில்லை. "காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கத்தானே அக்கா அது" என்றாள்.

மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெண் எதை மெல்ல முடியவில்லை, எத்தனை நாள் தலைவலி, ராத்திரி எத்தனை முறை விழிப்பு என்று தேதி போட்டு எழுதச் சொன்னேன். ஒரு மாதம் எழுதினார்கள். அதை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகம், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி என்று போனார்கள். அலைச்சல் இல்லை என்று சொல்லமாட்டேன். நாலைந்து தடவை நடந்தார்கள். இப்போது அவளுக்குக் கிளிப் போட்டு எட்டு மாதமாகிறது. கிளிப் வேலை முடிந்ததும் இ.எஸ்.ஐ. மூலமாகவே ஆபரேஷன் என்று ஏற்பாடாகியிருக்கிறது. சங்கிலி பீரோவிலேயே இருக்கிறது.

இனி, கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் கதவு: இ.எஸ்.ஐ.

நூல் மில், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ், கடை எதுவானாலும், இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட இடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர் இதில் சேருவார். இந்த வரம்பு 2017 ஜனவரியிலிருந்து உள்ளது. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்டுகிறார்கள். மனைவி, பிள்ளைகள், சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் கல்யாணமாகாத மகள், பெற்றோர் எல்லோருக்கும் வைத்தியம் உண்டு. ஒருவருக்கு இத்தனை ரூபாய்தான் என்ற உச்சவரம்பு கிடையாது என்பதுதான் இதில் விசேஷம்.

ஆனால் ஒரு நிபந்தனை. மருந்தகத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து தேவையானால் ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு என்று பரிந்துரைக் கடிதத்தோடு படிப்படியாகப் போக வேண்டும். அவசர கேஸ் தவிர, நீங்களாக ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு பிறகு பில்லைக் கொண்டு போனால் கஷ்டம். வேலைக்குப் போகும் பெண்ணுக்கே ஆபரேஷன் என்றால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம் வருடத்துக்கு 91 நாள் வரை நோய்க்கால உதவியாகவும் கிடைக்கும்.

இரண்டாவது கதவு: முதலமைச்சர் காப்பீடு

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்து வருவது இது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. வருட வருமான வரம்பு 72,000-ஆக இருந்ததை 2022-ல் 1,20,000-ஆக உயர்த்தினார்கள். முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரம்பே கிடையாது. சந்தாவை அரசாங்கமே கட்டிவிடுகிறது.

அட்டை வாங்க, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்களே குடும்பம். மருமகள் வந்து மூன்று வருடமாகியும் கார்டில் பெயர் சேர்க்காத வீடுகள் எத்தனை! முதலில் அதைச் செய்யுங்கள்.

இந்தத் திட்டத்தில் முக்கியமான விஷயம், ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியாகவும், பட்டியலில் உள்ள சிகிச்சையாகவும் இருக்க வேண்டும். அங்கே காப்பீட்டுப் பிரிவு என்று தனி மேஜை இருக்கும். "எந்தப் பெயரில், எந்தச் சிகிச்சையாக அனுப்புகிறீர்கள்?" என்று அவர்களிடமே கேளுங்கள். கைக்காசு போட்டுவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். சந்தேகம், புகார் எதுவானாலும் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

மூன்றாவது கதவு: குழந்தைகளுக்கு

இளம் தாய்மார்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்குப் பிற்பாடு மேல்தாடை வளராமல் ஒடுங்குவதுண்டு. இந்தக் குழந்தைகளுக்கு 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, பிறந்தது முதல் 18 வயது வரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பரிசோதித்து, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பி, இலவசமாகச் சிகிச்சை செய்கிறார்கள். 1999-ல் தொடங்கிய ஸ்மைல் ட்ரெயின் என்ற தர்ம ஸ்தாபனமும் தன்னோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பிளவு ஆபரேஷனை இலவசமாகச் செய்ய உதவுகிறது.

இன்னொன்று. குழந்தை கட்டிலிலிருந்தோ படியிலிருந்தோ விழுந்து மோவாயில் அடிபட்டால், தோல் காயத்துக்குத் தையல் போட்டு விட்டுவிடுகிறோம். காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் அடி பட்டிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டு, வாய் திறக்காமலே போய்விடும், கீழ்த்தாடையும் வளராது. குழந்தை தன்னுடைய மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உடனே டாக்டரிடம் போங்கள். இந்த ஆபரேஷனுக்குப் பெரியவளாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இது அழகுக்கா என்ற கேள்வியே இங்கே எழாது.

நான்காவது கதவு: சொந்தமாக எடுத்த பாலிசி

பாலிசிப் புத்தகத்தில் "அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது" என்ற வரியைப் பார்த்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். அந்த வாக்கியம் அங்கே முடிவதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பதற்கும், உடம்புக்கு நேரடியாக உள்ள ஆபத்தை நீக்க அவசியமானதென்று டாக்டர் சான்று தந்தால் அதற்கும் விலக்கு உண்டு என்று ஒழுங்குமுறை ஆணையமே வாசகம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தச் சான்று உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஏற்கெனவே உள்ள கோளாறுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் மூன்று வருடம். இங்கே ஒரு யுக்தி சொல்கிறேன். வளர்ச்சி நின்ற பிறகுதான் பொதுவாக இந்த ஆபரேஷன் செய்வார்கள். பெண் பிள்ளைக்குச் சுமார் 16, 17 வயது, ஆண் பிள்ளைக்கு 18-க்கு மேல். உங்கள் பிள்ளைக்கு 12, 13 வயதிலேயே பல் டாக்டர் "பின்னால் ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று சொன்னால், அன்றைக்கே பாலிசி எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது தாடைக் கோளாறை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அதையே காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். எழுதினால் பிள்ளை வளருவதற்குள் மூன்று வருடம் தானாக ஓடிவிடும். கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் குரூப் பாலிசி இருந்தால் அதையும் விசாரியுங்கள். அதில் பல இடங்களில் காத்திருப்புக் காலமே இருப்பதில்லை.

இல்லை என்று சொன்னால், வாயால் சொன்னதோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 155255 என்ற ஆணையத்தின் எண்ணிலும் புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருடத்துக்குள் மனுப் போடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பில் ஒன்றல்ல, இரண்டு

பல பேர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிளிப் போட்டுப் பல்லை வரிசைப்படுத்த வேண்டும். பிறகும் ஆறு மாதம் போல இருக்கும். கிளிப் செலவை ஆஸ்பத்திரி பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே டாக்டரிடம் கணக்குக் கேட்கும்போதே கிளிப்புக்குத் தனி, ஆபரேஷனுக்குத் தனி என்று இரண்டு தாளில் வாங்குங்கள். ஒரே தாளில் சேர்த்து எழுதினால் "பல் வைத்தியம்" என்று மொத்தத்தையும் தள்ள வழி உண்டாகும்.

கிளிப்பை எங்கே போடுவது? சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கிளிப் பிரிவும் தாடை அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன. செலவு மிகக் குறைவு. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை கிளிப்பை முடுக்கப் போக வேண்டுமே! ஒவ்வொரு மாதமும் பொதிகை எக்ஸ்பிரஸில் இரண்டு பேர் போய் வருவதென்றால், டிக்கெட், சாப்பாடு, ஒரு நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்துக்கு மதுரை சுமார் 75 கிலோமீட்டர்தான். அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள். கல்லூரிகளில் தனியார் கிளினிக்கைவிடப் பொதுவாகக் கட்டணம் குறைவு. எங்கே போட்டாலும், ஆபரேஷன் செய்யப் போகும் டாக்டரும் கிளிப் டாக்டரும் ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின்

1950-களில் ஹியூகோ ஓப்வெகேசர் என்ற டாக்டர் வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை உண்டாக்கினார். அதனால் பெரும்பாலும் வெளியே தழும்பு தெரியாது. வீக்கம் இருக்கும், கீழுதடு சில மாதம் மரத்தாற்போல இருக்கலாம். சில வாரம் நீர் ஆகாரம், பிறகு மெல்லாமல் விழுங்கும் ஆகாரம். இதற்குத் தனிச் செலவு வேண்டாம். வடிகட்டிய கேழ்வரகுக் கூழ், பருப்புத் தண்ணீர், காய்கறி சூப், மோர், சத்துமாவுக் கஞ்சி போதும். எங்கள் ஊர்ப் பால்கோவாவைச் சூடான பாலில் நன்றாகக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தால் இளைத்த உடம்புக்கு நல்லது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளிக்க மறக்கக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைப் பையாவது எடுத்து, இவற்றைப் போட்டு வையுங்கள்:

1. எதை மெல்ல முடியவில்லை, தூக்கம், தலைவலி, பேச்சு பற்றித் தேதியோடு எழுதிய நோட்டு.

2. தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே, பல் அச்சு, முகப் படங்கள்.

3. மில்லிமீட்டர் அளவும், நடக்காத வேலையும் குறித்து அறுவை டாக்டர் தரும் கடிதம்.

4. குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்.

5. கிளிப்புக்கும் ஆபரேஷனுக்கும் தனித்தனிச் செலவுக் கணக்கு.

6. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, இ.எஸ்.ஐ. அல்லது பாலிசி அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல்.

7. முன் அனுமதிக் கடிதம். இது வராமல் ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. டாக்டரிடம் பொய் எழுதி வாங்குங்கள் என்று நான் சொல்லவே இல்லை. தின்பதும் தூங்குவதும் பேசுவதும் நன்றாக இருந்து, முக அமைப்பு மட்டும் பிடிக்கவில்லை என்றால், அது அவரவர் விருப்பம்; அந்தச் செலவு நம்முடையதுதான். ஆனால் நம் பெண்கள் கஷ்டத்தைச் சொல்லாமலே வளர்க்கப்பட்டவர்கள். மெல்ல முடியவில்லை என்றால் குழைய வடித்துச் சாப்பிட்டுக்கொள்கிறோம். தூக்கம் வரவில்லை என்றால் சீக்கிரம் எழுந்து வாசல் தெளிக்கிறோம். உள்ள கஷ்டத்தை உள்ளபடி, முழுதாக, எழுத்தில் கொண்டு வாருங்கள். அந்த ஒரு தாள் ஐந்து பவுனைக் காப்பாற்றும்.